பாக்கெட் கேமராவா, டிஎஸ்எல்ஆரா? கிட் லென்ஸைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

ரிச்சி தெருவிலோ அண்ணா சாலையிலோ ஒரு கடையில் நுழைந்து "நல்ல கேமரா ஒண்ணு வேணும்" என்று கேட்டால், கவுன்டரில் முதலில் வந்து உட்காருவது பெரும்பாலும் 18-55 லென்ஸ் (கேமராவோடு சேர்த்துத் தரும் 'கிட் லென்ஸ்') மாட்டிய டிஎஸ்எல்ஆர்தான், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா. பார்க்கவும் கேமரா மாதிரி இருக்கும். பையும் மெமரி கார்டும் இலவசம். வாங்கியவர்களில் பலர் அந்த 18-55-ஐக் கடைசிவரை கழற்றுவதே இல்லை. நீங்களும் கழற்றப் போவதில்லை என்றால் டிஎஸ்எல்ஆர் வேண்டாம். ஒரு அங்குல சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) போட்ட பாக்கெட் கேமரா அந்த வேலையை அதே தரத்தில் செய்யும், இருட்டில் கொஞ்சம் கூடுதலாகவே செய்யும். இரண்டாவது லென்ஸ் ஒன்று வாங்குவது உறுதி என்றால் மட்டும் தீர்ப்பு அப்படியே மாறிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். காம்பாக்ட் என்ற பெயரில் விற்பவை எல்லாம் ஒன்றல்ல. விலை குறைந்தவற்றில் இருப்பது 1/2.3 அங்குல வகை சென்சார்: 6.2-க்கு 4.6 மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இன்றைய நல்ல போன்களின் மெயின் கேமராவில் இதைவிடப் பெரிய சென்சார் இருக்கிறது. போதாததற்கு, போன் நாலைந்து படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கி, 'நாய்ஸ்' எனப்படும் பொடிப்புள்ளி இரைச்சலைக் குறைத்துவிடுகிறது. இந்தக் கேமராக்கள் போனை ஜெயிப்பது ஆப்டிகல் ஜூம் ஒன்றில்தான், அதுவும் வெயிலில்தான். 24-720 ஜூம் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் (இந்த மி.மீ. எண் கூடக்கூடத் தூரத்துப் பொருள் நெருங்கி வரும்). முழுக்க நீட்டினால் அபர்ச்சர், அதாவது ஒளி நுழையும் லென்ஸ் வாய், எஃப் 6.4-க்குச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக்கூட வாய் சின்னது). அந்த அபர்ச்சரில் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்‌ஷன்) ஒரு புள்ளி சுமார் 8.6 மைக்ரான் அகலத்துக்குப் பரவும். 20 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமோ 1.2 மைக்ரான். ஆக, ஒரு புள்ளியின் ஒளி ஏழு பிக்சல் அகலத்துக்கு வழிகிறது. படம் ஏன் மொழுமொழுவென்று இருக்கிறது என்று சர்வீஸ் சென்டரில் போய்க் கேட்டுப் பயனில்லை. கேமராவில் பழுதே கிடையாது. பழைய டிஜிட்டல் கேமராவின் அந்த 'லுக்' பிடித்து இன்ஸ்டாகிராமுக்காக வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். அவர்கள் தேடுவது வேறு.

ரிக்கோ ஜிஆர் 3 போன்றவை இன்னொரு எல்லை. 257 கிராம் உடம்பில் டிஎஸ்எல்ஆர் அளவு சென்சார். ஆனால் 28 மி.மீ. பார்வைக்கோணம் ஒன்றே ஒன்று, ஜூம் கிடையாது, உள்ளே ஃப்ளாஷும் கிடையாது. தெருவில் நடந்துகொண்டே எடுப்பவர்களுக்கு அருமை. வீட்டுக்கு ஒரே கேமரா என்று வாங்குகிறவர்களுக்கு ஒத்துவராது.

டிஎஸ்எல்ஆருக்கு நிஜமான போட்டி நடுவில் இருக்கும் ஒரு அங்குல வகைதான். கேனன் ஜி7 எக்ஸ் மார்க் 2, மார்க் 3, சோனி ஆர்எக்ஸ்100 வரிசை எல்லாம் இதில் அடங்கும். 'ஒரு அங்குலம்' என்பது வகைப் பெயர்தான், சென்சாரின் நிஜ அளவு 13.2-க்கு 8.8 மி.மீ.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

டிஎஸ்எல்ஆர் தரப்பில் கேனன் 1500டி-யை எடுத்துக்கொள்வோம். அதன் சென்சார் 22.3-க்கு 14.9 மி.மீ. பரப்பில் ஒரு அங்குல சென்சாரைப்போல சுமார் 2.9 மடங்கு. கடைக்காரர் இங்கேயே பேச்சை நிறுத்திவிடுவார். ஆனால் சென்சாருக்கு வெளிச்சம் போகும் வழி லென்ஸ். 18-55 கிட் லென்ஸ் அகலக்கோணத்தில் எஃப் 3.5, ஜி7 எக்ஸ் மார்க் 3-இன் லென்ஸ் எஃப் 1.8. 3.5-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 3.8 மடங்கு. சென்சாரில் 2.9 மடங்கு பின்தங்கிய பாக்கெட் கேமரா லென்ஸில் 3.8 மடங்கு முந்திவிடுகிறது. ஜூமை நீட்டினாலும் நிலைமை மாறாது: கிட் லென்ஸ் 55 மி.மீ.-இல் எஃப் 5.6, ஜி7 எக்ஸ், 35 மி.மீ. ஃபிலிம் கணக்கில் 100 மி.மீ.-க்கு நிகரான முனையில் எஃப் 2.8. அங்கே வித்தியாசம் 4 மடங்கு. பின்னணி மங்கலாவதும் இதே கணக்கில்தான். கிட் லென்ஸ் டிஎஸ்எல்ஆரில் ஆளை நிறுத்தி எடுத்து, பின்னால் இருக்கும் பைக்கும் ஃபிளெக்ஸ் போர்டும் தெளிவாகத் தெரிகிறதே என்று ஏமாந்துபோகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

இப்போது 18-55-ஐக் கழற்றி கேனன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸை மாட்டுங்கள். 160 கிராம், இந்தப் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடம்பு) 80 மி.மீ.-க்கு நிகர், முகங்களுக்கென்றே அளந்து வைத்த தூரம். அதே 80 மி.மீ. கோணத்தில் பாக்கெட் கேமரா எஃப் 2.8-இல் நிற்கிறது. லென்ஸில் 2.4 மடங்கு, சென்சாரில் 2.9 மடங்கு, பெருக்கினால் டிஎஸ்எல்ஆர் கிட்டத்தட்ட 7 மடங்கு வெளிச்சம் வாங்குகிறது. பாக்கெட் கேமரா ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் எண்) 1600-இல் தரும் சுத்தத்தை இது 10,000-ஐத் தாண்டித் தருகிறது என்று சொன்னால் மிகைதான், ஏனென்றால் ஒரு அங்குல சென்சார்கள் தொழில்நுட்பத்தில் புதியவை, 1500டி-யின் சென்சார் பழைய சரக்கு. 7 மடங்கில் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்தாலும் மீதி பெரிதுதான்.

விலையைப் பொறுத்தவரை பாக்கெட் கேமராதான் மேலே நிற்கிறது. சமூக ஊடகங்களால் மவுசு ஏறி ஜி7 எக்ஸ் பல சமயம் ஸ்டாக்கே இருப்பதில்லை. 1500டி கிட்டும் 50 மி.மீ. லென்ஸும் சேர்த்து வாங்கினாலும் புது ஜி7 எக்ஸ் மார்க் 3-ஐ விடக் குறைவாகவே முடியும். ஆகவே கையிருப்பு கிட் அளவுக்குத்தான் இருக்கிறது, வேறு லென்ஸும் வாங்கப் போவதில்லை என்றால், போனிலேயே தொடருங்கள். அல்லது செகண்ட் ஹேண்டில் ஜி7 எக்ஸ் மார்க் 2 அல்லது ஆர்எக்ஸ்100 மார்க் 3 தேடுங்கள். இரண்டிலும் எஃப் 1.8-2.8 லென்ஸ்தான்.

கையில் எடுத்தால்

ஜி7 எக்ஸ் மார்க் 3, 304 கிராம். சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும். பேன்ட் பாக்கெட்டில், கைப்பையில் சரியாக உட்காரும். திரை மேல்நோக்கி 180 டிகிரி, கீழ்நோக்கி 45 டிகிரி சாயும். மைக் செருகும் துளை உண்டு. பேட்டரிதான் நோஞ்சான்: அதிகாரபூர்வக் கணக்குப்படியே 235 படங்கள். ஒரு கல்யாணத்துக்குக் கூடுதல் பேட்டரி இல்லாமல் போகாதீர்கள். இன்னொரு குறை, ஆட்டோஃபோகஸ் கான்ட்ராஸ்ட் முறையில் இயங்குவது. வீடியோவில் ஆள் அசைந்தால் ஒரு நொடி தேடித்தான் பிடிக்கும். வ்யூஃபைண்டரும் இல்லை, மெரினாவில் பகல் 12 மணிக்குத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். திரை வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைப்பது தவிர வேறு வழியில்லை.

சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 இந்த இரண்டு குறையையும் தீர்த்திருக்கிறது. வ்யூஃபைண்டர் உள்ளேயிருந்து எழும்பும், ஃபோகஸ் ஓடுகிற குழந்தையை விடாது, ஜூம் 200 மி.மீ. வரை போகும். பதிலுக்கு லென்ஸ் எஃப் 2.8-4.5, அதாவது மேலே போட்ட கணக்கின் சாதகம் பெரும்பகுதி போய்விட்டது. விலையோ இன்னும் அதிகம். இருட்டில் எடுப்பவர்களுக்கு அதே வரிசையின் பழைய 24-70 மாடல்கள்தான் உகந்தவை.

1500டி பாடி 475 கிராம், லென்ஸ் 200 கிராம். கண்ணாடி வழியாகப் பார்க்கும் வ்யூஃபைண்டர் எந்த வெயிலிலும் தெளிவு. பேட்டரி 500 படங்கள். ஃபோகஸ் புள்ளிகள் 9. அவற்றில் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ் வகை (குறுக்கும் நெடுக்கும் பார்ப்பது), மங்கிய வெளிச்சத்தில் நம்பத் தகுந்ததும் அது ஒன்றுதான். ஒன்பதையும் ஆட்டோவில் விட்டால் கேமரா பக்கத்தில் இருக்கும் பொருளைப் பிடித்துக்கொள்ளும்: மணப்பெண்ணை விட்டுவிட்டு மாலையை, சாமியை விட்டுவிட்டு முன்னால் தொங்கும் விளக்குச் சங்கிலியை. முதல் நாளே நடுப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்ணில் வைத்து ஷட்டரைப் பாதி அழுத்தி, ஃபோகஸ் பிடித்ததும் அழுத்தியபடியே ஃபிரேமை மாற்றி எடுக்கப் பழகுங்கள். திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வ்யூவில் ஃபோகஸ் ஆமை வேகம், திரையும் அசையாது. தரையோடு தரையாக வைத்துக் கோலத்தை எடுப்பதும், அறுபத்துமூவர் கூட்டத்தில் கையைத் தூக்கி எடுப்பதும் இதில் குத்துமதிப்புதான். மைக் துளை கிடையாது.

கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 200டி மார்க் 2 எடுங்கள். திரை எல்லாப் பக்கமும் திரும்பும், திரையில் பார்த்து எடுத்தாலும் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும், மைக் துளை உண்டு, பேட்டரி ஆயிரம் படங்களைத் தாண்டும், எடை 449 கிராம். டிஎஸ்எல்ஆர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே சரியான தேர்வு. 3000டி பக்கம் போக வேண்டாம். 18 மெகாபிக்சல், லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக்.

கடைகளில் சொல்லாத ஒரு விஷயம்: 1500டி, 3000டி, 200டி மார்க் 2 மூன்றிலும் ஃப்ளாஷ் மாட்டும் ஹாட் ஷூவின் நடுப்பின் இல்லை. ஒற்றைப் பின்னை நம்பி வேலை செய்யும் மலிவான மேனுவல் ஃப்ளாஷும் ரேடியோ டிரிக்கரும் இவற்றில் எரியாது. கேனனுக்கென்றே செய்த டிடிஎல் வகை (ஃப்ளாஷ் அளவைக் கேமராவே கணக்கிடுவது) வேண்டும். கோடாக்ஸ் போன்ற வேறு நிறுவனத்தினுடையது என்றால் உங்கள் பாடியில் மாட்டி, எரிகிறதா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

நிக்கான் டி3500 இப்போது புதிதாக வருவதில்லை. செகண்ட் ஹேண்டில் நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்: ஒரு சார்ஜில் 1550 படங்கள். ஆனால் பாடிக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 50 மி.மீ. எஃப் 1.8டி வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும். ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி என்று எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். 35 மி.மீ. எஃப் 1.8ஜி டிஎக்ஸ் இதற்கு இயல்பான ஜோடி.

எந்த இடத்துக்கு எது

மார்கழிக் கச்சேரியை எடுத்துக்கொள்வோம், சபாவில் அனுமதி இருக்கிறது என்று வைத்து. மேடையிலிருந்து 10 மீட்டரில் இருக்கை. கிட் லென்ஸை 55-க்கு நீட்டினால் ஃபிரேமின் அகலம் 4 மீட்டர்: பாடகர், வயலின், மிருதங்கம், தம்பூரா, மைக் ஸ்டாண்டு எல்லாம் உள்ளே. ஜி7 எக்ஸில் 3.6 மீட்டர், கிட்டத்தட்ட அதே. ஆர்எக்ஸ்100 மார்க் 7-இல் 1.8 மீட்டர், பாடகர் தனியாக வருவார். 55-250 ஜூம் லென்ஸ் மாட்டிய டிஎஸ்எல்ஆரில் 90 சென்டிமீட்டர், முகமும் கையும் மட்டும். ஆனால் டிஎஸ்எல்ஆரில் ஒவ்வொரு படத்துக்கும் கண்ணாடி எழும்பி அடிக்கும் 'டக்' ஓசை, ஆலாபனையின் நடுவே நாலு வரிசைக்குக் கேட்கும். பாக்கெட் கேமராவின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தம் கிட்டத்தட்ட வராது. பக்கத்து மாமா திரும்பி முறைக்காமல் இருக்க வேண்டுமென்றால் பாக்கெட் கேமராதான். இரண்டிலும் ஃபோகஸ் உதவி விளக்கை மெனுவில் அணைத்துவிடுங்கள்.

கல்யாண மண்டபத்தில் பிரச்சினை எல்இடி விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை 1/250-க்கு வைத்தால் படத்தின் குறுக்கே வரிவரியாக இருட்டுப் பட்டை விழும். 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் போய்விடும். பாக்கெட் கேமராக்களில் எலக்ட்ரானிக் ஷட்டர் தானாக இயங்கினால் பட்டை இன்னும் மோசமாகும். மெக்கானிக்கல் என்று மாற்றி வையுங்கள். வீடியோவுக்கு சிஸ்டத்தை 'பால்' (PAL) என்றும், நொடிக்கு 25 ஃபிரேம் என்றும் வைத்தால் திரை துடிக்காது. மண்டபத்தில் 50 மி.மீ. மாட்டிய டிஎஸ்எல்ஆருக்கு ஈடே இல்லை, ஆனால் குரூப் போட்டோவுக்கு அது ஆகாது. பின்னால் போகச் சுவர் இடம் தராது. அங்கே 18-55-ஐத் திரும்ப மாட்டியாக வேண்டும்.

வேடந்தாங்கலுக்கு டிஎஸ்எல்ஆர்தான், விவாதமே இல்லை. 55-250 இங்கே 400 மி.மீ.-க்கு நிகர். கரையிலிருந்து மரத்து நாரைகளை எடுக்க அதுவே குறைந்தபட்சம், ஷட்டர் 1/1000-க்குக் குறையக் கூடாது. பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று பூநாரை எடுக்க அதுவும் போதாது. காசிமேட்டில் விடியற்காலை, தி.நகரில் தீபாவளிக் கூட்டம் மாதிரி இடங்களில் பெரிய கேமராவைத் தூக்கினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சின்னது யார் கண்ணையும் உறுத்தாது.

சென்னைக் காற்று என்ன செய்யும்

பாக்கெட் கேமராவின் உயிர்நிலை அந்த நீளும் லென்ஸ் குழாய். அடுக்குகளுக்கு நடுவில் கடற்கரை மணல் ஒரு துகள் போனால் போதும், பாதியில் நின்று திரையில் 'லென்ஸ் எரர்' என்று வரும். கையால் தள்ளினால் பல்சக்கரம் தேயும். அணைத்து, பேட்டரியைக் கழற்றி, லென்ஸைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு ரப்பர் புளோயரால் குழாயைச் சுற்றி ஊதி, திரும்ப ஆன் செய்து பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் சர்வீஸ் சென்டர்தான். இன்னொரு காரணம், பாக்கெட்டுக்குள் தானாக ஆன் ஆகி லென்ஸ் துணியை முட்டித் தள்ளுவது. ஓர் உறை போட்டால் தீர்ந்தது. உள்ளே தூசி போய்ச் சென்சாரில் ஒட்டினால் கேமராவைப் பிரித்துத்தான் சுத்தம் செய்ய முடியும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடியைத் தூக்கி வைத்து நாமே ஊதிவிடலாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் துளி தூசியைவிட மோசம்.

ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனி படர்ந்துபோவது இங்கே தினசரி. துடைத்தால் மறுபடியும் படரும். ஏசிக்குள் இருக்கும்போதே ஜிப் கவரில் போட்டு மூடிக் கொண்டுவந்து, அரை மணி கவருக்குள்ளேயே சூடேற விட்டுப் பிறகு திறங்கள். முக்கியமாக, பனி படர்ந்த நிலையில் டிஎஸ்எல்ஆர் லென்ஸைக் கழற்ற வேண்டாம்.

ஃபங்கஸ் இரண்டுக்கும் பொது எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அலமாரிக்குள் தோல் பையோடு வைத்தால், பொங்கலுக்கு எடுக்கும்போது லென்ஸுக்குள் சிலந்தி நூல் தெரியும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பை வேறு, சேமிப்பு வேறு. டிரை கேபினட் (ஈரம் நீக்கும் அலமாரி) வாங்க முடியாதவர்களுக்கு, ரப்பர் வளையம் வைத்த 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் ஆரஞ்சு சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் போதும். மீட்டர் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் சரி. ஜெல் பச்சையானதும் 110 டிகிரியில் ஓரிரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது. அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

காசு கொடுக்கும் முன்

புதிது வாங்கும்போது பெட்டி, பாடி, பில், வாரண்டி கார்டு நான்கிலும் சீரியல் எண் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். கிட் பெட்டியிலிருந்து லென்ஸை எடுத்துத் தனியாக விற்றுவிட்டு, வேறொன்றைப் போட்டுக் கொடுப்பதும் நடக்கும். லென்ஸின் முன்வளையத்தில் ஐஎஸ் என்ற எழுத்து இல்லையென்றால் அதிர்வு தடுப்பு இல்லாத மலிவு ரகம். அதற்குக் கிட் விலை கொடுக்காதீர்கள். பில் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால், குறைவது பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டிதான். அதோடு இந்திய வாரண்டியும் போய்விடும். பர்மா பஜாரில் பேரம் பேசத் தெரிந்தவர்களுக்கும் இது பொருந்தும். இலவச மெமரி கார்டை நம்பிக் கல்யாணத்துக்குப் போகாதீர்கள். வீட்டில் கணினியில் முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்தால் போலி அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆரில் ஷட்டர் கவுன்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை தடவை இயங்கியது என்ற எண்ணிக்கை) முக்கியம். டி3500-இன் ஷட்டர் 1 லட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் ஒரு படம் எடுத்து அதன் கோப்புத் தகவலைப் பார்த்தாலே எண்ணிக்கை தெரியும். கேனனின் கீழ்நிலைப் பாடிகளில் அப்படித் தெரியாது, யூஎஸ்பி-யில் இணைத்துத் தனி மென்பொருளால்தான் பார்க்க முடியும். அடுத்து, எஃப் 16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள், கரும்புள்ளிகள் தூசி. ஊதியும் போகாத புள்ளி என்றால் விலையைக் குறையுங்கள். லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துப் பாருங்கள்: நூல்நூலாகத் தெரிந்தால் ஃபங்கஸ், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாக்கெட் கேமராவில் இந்தச் சோதனை பாதிதான் நடக்கும். முன்பக்கத்திலிருந்து டார்ச் அடிக்கலாம், ஜூமைப் பத்து தடவை நீட்டி மடக்கிச் சத்தம் ஒரே சீராக இருக்கிறதா கேட்கலாம். கரகரவென்றால் வேண்டாம்.

கேனனும் நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் பாடி எதுவும் அறிமுகப்படுத்தவில்லை. இதைச் சொல்லி மிரட்டி மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) விற்பார்கள். மிரட்சி தேவையில்லை: கேனனின் 50 மி.மீ., 55-250 லென்ஸ்களை நாளைக்கு ஓர் அடாப்டர் வைத்து அதே நிறுவனத்தின் ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் மாட்டலாம், ஃபோகஸும் ஒழுங்காக வேலை செய்யும். நிக்கானில் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கும் அப்படித்தான். காலாவதி ஆவது பாடி. அதனால் பாடியில் காசைக் குறைத்து லென்ஸில் போடுங்கள். 1500டி-யை 50 மி.மீ. லென்ஸோடு வாங்கும்போது, கிட்டுக்குப் பதில் பாடியை மட்டும் பில்லோடு தருவார்களா என்றும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அகலக்கோணத்துக்குப் போன் இருக்கிறது.